துண்டில் ஒளிந்திருக்கும் மணல்

சனிக்கிழமை காலை நம் தாமான்களில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் குழாய் ஓடிக்கொண்டிருக்கும். வாளியில் நுரை, கையில் பஞ்சு, பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள். எந்தச் சவர்க்காரம் நல்லது, எந்த மெழுகு பளபளக்கும் என்று அண்டை வீட்டாரோடு பேச்சும் நடக்கும். எல்லாம் முடிந்த பிறகு கைக்கு எட்டிய ஒரு துணியை எடுத்துக் காரைத் துடைப்பார்கள். பழைய டி-சட்டையாக இருக்கலாம். சிவப்பு எழுத்து அச்சிட்ட ‘குட் மார்னிங்’ துண்டாக இருக்கலாம். இப்போது பெரும்பாலும் இரவுச் சந்தையில் கட்டாக விற்கும் மைக்ரோஃபைபர் துண்டாக இருக்கும்.

கழுவும்போது காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நாம் துடைக்கும்போது காட்டுவதில்லை. “மைக்ரோஃபைபர் வாங்கிவிட்டேன், இனி கீறல் விழாது” என்று நம்பி விடுகிறோம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கறுப்பு நிறக் கார் ஒன்றை வாங்கினேன். கழுவுமிடத்துக்கு அனுப்பாமல் வாரந்தோறும் நானே கழுவினேன். விலை கொடுத்து வாங்கிய நல்ல நுண்ணிழைத் துண்டால் துடைத்தேன். ஓராண்டு முடிவதற்குள், ஓர் இரவு பெட்ரோல் நிலைய விளக்கின் கீழ் நின்றபோது, காரின் முன்மூடி முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. பழி சுமத்த வேறு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. துண்டு பல முறை என் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்து, இரண்டு உதறு உதறி, விட்ட இடத்திலிருந்து துடைத்திருக்கிறேன்.

அந்த உதறலைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்தேன்.

காகிதத்தைவிட மெல்லிய கவசம்

உங்கள் காரின் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு பூச்சு இருக்கிறது. பட்டறைக்காரர்கள் அதைக் கிளியர் கோட் என்பார்கள். அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் எழுதும் சாதாரணக் காகிதம் ஏறக்குறைய 100 மைக்ரான். ஆக, காகிதத்தில் பாதித் தடிமன்தான் அந்தக் கவசம். பளபளப்பைத் தருவதும் அதுதான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் அதுதான்.

மணலில் அதிகம் இருப்பது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7-இல் நிற்கிறது. எஃகுக் கத்தியைக்கூடக் கீறிவிடும். கிளியர் கோட் ஒருவகைப் பிளாஸ்டிக்கே. இரண்டுக்கும் இடையே ஒரு துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் யார் தோற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. சுத்தமான துணி காரை எளிதில் கீறுவதில்லை. துணியில் ஏறிய மணல்தான் கீறுகிறது.

அந்தச் சிலந்தி வலை வட்ட வட்டமாகத் தெரிவதால், வட்டமாகத் துடைத்ததுதான் தவறு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கின் பிம்பத்தைச் சுற்றி, ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் கிடப்பவை மட்டும் மின்னுகின்றன. அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. தலையைச் சற்று நகர்த்துங்கள். வலையும் கூடவே நகரும். எனவே நேர்கோட்டில் துடைத்தால் தப்பித்துவிடலாம் என்ற கணக்கு பலிக்காது. மணல் இருந்தால் நேர்கோட்டிலும் கீறும்.

“கீறினால் என்ன, மெருகு போட்டால் போகிறது” என்பீர்கள். மெருகு போடுவது என்றால் கீறலின் ஆழம் வரை கிளியர் கோட்டைத் தேய்த்து எடுப்பது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் குறையும். கூரையிலும் முன்மூடியிலும் தோல் உரிந்ததுபோல் வெள்ளை பூத்த பழைய கார்களை நம் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். பூமத்திய ரேகை வெயிலில் கவசம் தளர்ந்து போனால் வரும் கோலம் அது. நம் நாட்டில் கார் கடனை ஒன்பது ஆண்டு வரை இழுக்கலாம். கடன் முடிவதற்குள் கவசம் முடிந்துவிடக் கூடாது என்பது ஆடம்பரக் கவலை இல்லை.

துடைக்காமலே விட்டால்?

அப்படியென்றால் துடைக்கவே வேண்டாம், வெயிலில் காயட்டும் என்று தோன்றலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு.

குழாய் நீரில் கரைந்த உப்புகள் இருக்கின்றன. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. காய்ந்த துளி நடுவில் வெறுமையாகவும் ஓரத்தில் வளையமாகவும் கறை விடுவதைக் கவனித்திருப்பீர்கள். மேசையில் சிந்திய காப்பியும் இப்படித்தான் காய்கிறது. இதற்கான காரணத்தைச் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் விளக்கினார்கள். துளியின் ஓரம் பரப்பில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. ஓரத்தில் ஆவியாதல் விரைவு. இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. போகும்போது தன்னிடம் உள்ளதையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால்தான் கறை ஓரத்தில் குவிந்து, துடைத்தாலும் போகாத வளையமாகிறது.

மலேசியாவில் குழாய் நீரின் பெரும்பகுதி ஆறுகளிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. பாறைக்குள் நெடுநாள் தங்கிய நிலத்தடி நீரைவிட அதில் தாது உப்புகள் பொதுவாகக் குறைவு. ஆனால், கிளந்தானில் நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். அதில் இரும்பும் சேர்ந்து வருவதுண்டு. எங்கே இருந்தாலும், வெயிலில் கொதிக்கும் தகட்டில் துளி காய்ந்தால் கறை நிச்சயம்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் ஓரங்கட்டிவிடலாம். நீர்த்துளி உருப்பெருக்கிக் கண்ணாடிபோல் வெயிலைக் குவித்துப் பூச்சை எரித்துவிடும் என்பார்கள். பரப்பின் மேல் படிந்து உட்கார்ந்த துளியின் குவியம் பரப்பில் விழாது. அதற்கு நெடுந்தூரம் கீழே போய்விடும். இலைகளை வைத்து ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்விலும், வழவழப்பான இலைமேல் படிந்த துளிகளால் இலை கருகவில்லை. கறைக்குக் காரணம் உப்பு, எரிப்பு இல்லை.

ஆகவே துடைக்கத்தான் வேண்டும். எதனால் என்பதுதான் கேள்வி.

நீர் குடிக்காத பொருள், நீர் குடிக்கும் துண்டு

இந்த விஷயத்தில் நுண்ணிழைத் துண்டின் பக்கம்தான் நான் நிற்கிறேன். அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டால் நீங்களும் நிற்பீர்கள்.

அந்தத் துண்டில் பெரும்பகுதி பாலியஸ்டர். மீதி நைலான் குடும்பத்து இழை. 80-க்கு 20 அல்லது 70-க்கு 30 என்று அட்டையில் போட்டிருக்கும். விந்தை என்னவென்றால், பாலியஸ்டருக்கு நீர் என்றால் ஆகாது. சாதாரண அறைக்காற்றில் வைத்தால் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட இழுக்காது. அப்படிப்பட்ட பொருளால் நெய்த துண்டு காரில் உள்ள நீரையெல்லாம் எப்படி உறிஞ்சுகிறது?

பூசையறை விளக்கில் எண்ணெய் திரியில் ஏறுவதைப் பாருங்கள். நூலுக்கும் நூலுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளிதான் எண்ணெயை மேலே இழுக்கிறது. இடைவெளி குறுகக் குறுக இழுவிசை கூடும். நுண்ணிழைத் துண்டும் இதையே செய்கிறது. அது நீரை இழைக்குள் வைப்பதில்லை. இழைகளுக்கு நடுவே பிடித்து வைக்கிறது. பிழிந்தால் உடனே விட்டுவிடுவதும் அதனால்தான்.

9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை ஒரு கிராம் என்றால் அதன் அளவு ஒரு டெனியர். அதற்கும் குறைந்தால்தான் நுண்ணிழை. 1970-இல் ஜப்பானின் தோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோத்தோ மெல்தோல் போன்ற துணிக்காக உருவாக்கிய இழைகள் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. துடைக்கும் துண்டுகளில் பெரும்பாலும் வேறொரு வழியைக் கையாள்கிறார்கள். பாலியஸ்டரையும் நைலானையும் ஆரஞ்சுச் சுளைகளைப்போல் அடுக்கி ஒரே இழையாக இழுத்து, பிறகு சுளை சுளையாகப் பிரிக்கிறார்கள். வட்டமான ஓர் இழையை 16 சுளைகளாகப் பிரித்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேற்பரப்பு ஏறக்குறைய ஆறு மடங்காகும். நூல் கூடவில்லை, எடை கூடவில்லை, நீர் ஒட்டும் இடம் மட்டும் கூடுகிறது.

அதோடு, சுளைகளுக்கு ஓரங்கள் உண்டு. வட்ட இழை தூசியை உருட்டித் தள்ளும். ஓரமுள்ள இழை அதை வாரி உள்ளே இழுத்துக்கொள்ளும். தட்டையான ஷாமோய் தோலிலும், ஈரத்தில் வழவழக்கும் செயற்கை ஷாமோயிலும் தூசி ஒதுங்க இடமில்லை. அது துணிக்கும் காருக்கும் நடுவே சிக்கி இழுபடும். நுண்ணிழையின் உயர்ந்த மயிர்களுக்குள் அது இறங்கிவிடும். மெழுகு பூசிய கார்களுக்கு நுண்ணிழை பொருந்துவதற்கு இதுவே காரணம்.

நல்ல குணமே வினையாகும்போது

இப்போது என் சிமெண்டுத் தரைக்கு வருவோம். தூசியை வாரிப் பிடித்து விடாமல் வைத்திருப்பதுதான் இந்தத் துண்டின் சிறப்பு. தரையில் விழுந்தபோதும் அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. மணலை வாரி எடுத்துக்கொண்டது. இரண்டு உதறலுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு நான் அதைக் கொண்டே என் காரைத் தேய்த்தேன்.

பழைய டி-சட்டை கீழே விழுந்தால் உதறிப் பயன்படுத்துவது வீட்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தை நுண்ணிழைக்குக் கொண்டுவரக் கூடாது. விலை உயர்ந்த துண்டு, மலிவான துண்டு என்று பிரிப்பதைவிட, கடைசியாக அது எதைத் தொட்டது என்று கேட்பதே சரி.

இதே கேள்வியை நீங்கள் காசு கொடுத்துக் காரைக் கழுவும் இடத்திலும் கேட்கலாம். முதல் காரின் சக்கரத்தைத் துடைத்த துண்டு, ஒரு வாளியில் முக்கிப் பிழியப்பட்டு, மூன்றாவது காரின் கூரைக்குப் போவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அங்கே வேலை செய்யும் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. வெயிலில் நின்று வரிசையாக வரும் கார்களை முடித்தனுப்ப வேண்டிய அவருக்குத் துண்டை மாற்ற நேரம் யார் கொடுத்தார்கள்? சுத்தமான இரண்டு துண்டுகளைக் காரிலேயே வைத்திருங்கள். “தம்பி, இதனால் துடைத்துவிடுங்கள்” என்று சிரித்த முகத்தோடு கொடுங்கள். இதுவரை யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

துடைக்கும் முறை

முதலில் நீரைக் கொண்டே நீரை விரட்டுங்கள். குழாயின் முனையில் உள்ள தெளிப்பானைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து மெதுவாக நீரை வழிய விடுங்கள். துளித்துளியாக நின்ற நீர் ஒரே தகடாகச் சேர்ந்து இறங்கிவிடும். நன்றாக மெழுகு பூசிய காரில் பெரும்பகுதி நீர் இப்படியே போய்விடும். தொடாமல் போன நீருக்குக் கீறல் கிடையாது.

அடுத்து, துண்டை நான்காக மடியுங்கள். எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். ஒரு பக்கம் நனைந்ததும் அடுத்ததற்குத் திருப்புங்கள். கூரை, கண்ணாடி, முன்மூடி, பின்மூடி என்று மேலிருந்து கீழே வாருங்கள். துண்டைப் பரப்பி வைத்து மெல்ல ஒற்றி எடுங்கள், அல்லது அதன் சொந்த எடையிலேயே இழுங்கள். கையால் அழுத்தத் தேவையில்லை. உறிஞ்சுவது இழைகளின் வேலை, உங்கள் தோளின் வேலை இல்லை.

கதவின் கீழ்ப்பாதி, சக்கரம், கதவு இடுக்கு ஆகியவற்றுக்கு அந்தத் துண்டு போகவே கூடாது. அங்கேதான் சாலை மணலும் பிரேக் தூளும் இருக்கின்றன. மருத்துவமனைகளில் துப்புரவுத் துணிகளை நிறம் பிரித்து வைப்பதுபோல் நீங்களும் பிரித்து வையுங்கள். கூரைக்கு இருந்த துண்டு வயதானபின் சக்கரத்துக்குப் போகலாம். சக்கரத்துக்குப் போனது கூரைக்குத் திரும்பக் கூடாது.

துவைக்கும்போதும் கவனம் வேண்டும். மற்றத் துணிகளோடு, குறிப்பாகப் பஞ்சு உதிரும் குளியல் துண்டுகளோடு போடாதீர்கள். உதிர்ந்த பஞ்சையெல்லாம் நுண்ணிழை பிடித்துக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள கொழுப்புத் தன்மையுள்ள பொருள் இழைகளின்மேல் படலமாகப் படியும். எண்ணெய் பூசிய கையில் நீர் ஒட்டாததுபோல், துண்டும் நீரைத் தள்ளிவிடத் தொடங்கும். “வாங்கியபோது நன்றாக உறிஞ்சியது, இப்போது இல்லை” என்று சொல்பவர்கள் முதலில் இந்தத் திரவத்தைச் சந்தேகிக்கலாம். கொதிநீரும் இஸ்திரிப் பெட்டியும் ஆகாது. இழை இளகி விறைத்துவிடும். நிழலில் உலர்த்துங்கள்.

இது பிளாஸ்டிக் என்பதை மறக்காதீர்கள்

இவ்வளவு புகழ்ந்த துண்டு, உண்மையில், மிக மெல்லிய பிளாஸ்டிக் இழைகளின் கட்டு. துவைக்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து இழைகள் உதிரும். பிளிமத் பல்கலைக்கழகத்தின் இமோஜன் நேப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் 2016-இல் செயற்கை இழை ஆடைகளை வைத்துச் செய்த ஆய்வில், 6 கிலோ துணியை ஒருமுறை துவைத்தால் அக்ரிலிக் என்றால் 7 லட்சத்துக்கும் மேல், பாலியஸ்டர் என்றால் ஏறக்குறைய 5 லட்சம் இழைகள் உதிரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கடலில் நேரடியாகச் சேரும் மைக்ரோபிளாஸ்டிக் துகள்களில் 35 விழுக்காடு செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதால் வருகிறது. அடுத்த இடம் டயர் தேய்மானத்துக்கு, 28 விழுக்காடு. காரும் காரின் துண்டும் ஒரே கணக்கில் வருகின்றன.

நம் நாட்டில் மழைநீர்க் கால்வாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. கழிவுநீர்க் குழாயில் போவது சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும். அங்கே இழைகளில் பெரும்பகுதி பிடிபடும். வாசலோரக் கால்வாயில் போவது எந்த வடிகட்டலும் இல்லாமல் ஆற்றில் கலக்கும். துண்டை வாளியில் அலசி அந்த நீரைக் கால்வாயில் கொட்டுகிறோமே, அந்த இழைகளும் மெழுகும் எங்கே போகின்றன என்று நினைத்துப் பாருங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் சலவை இயந்திரத்தின் குழாய்கூடப் பின்பக்கக் கால்வாயை நோக்கித்தான் இருக்கும். இன்று ஒருமுறை வீட்டின் பின்னால் போய்ப் பார்த்து வாருங்கள்.

ஆகவே, கட்டுக் கட்டாக மலிவுத் துண்டுகளை வாங்கி, இரண்டு மாதத்தில் எறிந்துவிட்டு, மறுபடியும் வாங்கும் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். பூச்சுக்கென்று அடர்த்தியான நல்ல துண்டுகள் இரண்டு போதும். சக்கரத்துக்கும் கதவு இடுக்குக்கும் நம் பழைய ‘குட் மார்னிங்’ துண்டே போதும். பருத்தியிலிருந்தும் இழை உதிரத்தான் செய்கிறது; ஆனால், மண்ணும் நீரும் அதைப் பிளாஸ்டிக்கைவிட எளிதாகச் சிதைத்துவிடும். நுண்ணிழை எங்கே தேவையோ அங்கே மட்டும் நுண்ணிழை. அப்படிச் செய்தால் துவைக்கும் எண்ணிக்கையும் குறையும், துண்டும் பல ஆண்டுகள் வரும்.

“ஒரு துண்டுக்கு இவ்வளவு சட்டமா?” என்று வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். நான் சட்டங்களைச் சுருக்கி ஒன்றே ஒன்றாக்கி வைத்திருக்கிறேன்: கீழே விழுந்த துண்டு அன்றைக்கு அந்தக் காரைத் தொடக் கூடாது. என் மகன் இப்போது அதைக் கண்டிப்போடு கடைப்பிடிக்கிறான். போன வாரம் துண்டு என் கையிலிருந்து நழுவியது. நான் குனிவதற்குள் அவன் எடுத்துச் சலவைக் கூடையில் போட்டுவிட்டு, இரண்டாவது துண்டைக் கொண்டுவந்து நீட்டினான். இரண்டு துண்டு வாங்குங்கள் என்று சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.